பார்சலின் காதுக்குப் பின்னால் மச்சம் இல்லை

எங்கள் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். லிஃப்ட் மெக்கானிக் பார்சல், தன்னைப் பெற்ற தாயைத் தேடி விமானம் ஏறிப் போய்விட்டார். விமான நிலைய வாசலிலேயே அந்த அம்மாள் காத்துக்கொண்டு நின்றாளாம். ஆயிரம் பேர் இறங்கி வந்த கூட்டத்தில், காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தை வைத்து மகனைக் கண்டுபிடித்துவிட்டாளாம். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுத அழுகையில், காவலுக்கு நின்ற போலீஸ்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

இஸ்திரிக் கடைக்காரர் சொல்லும்போது அந்தத் தாய்க்கு ஒரு மாடி வீடு இருக்கும். கதை மருந்துக்கடை வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும். போன வாரம் கேட்டபோது தோட்டமும் சேர்ந்திருந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல்தான் மகனை வரவழைத்தாளாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் அவளை அந்த நாட்டுக்கே ராணியாக்கிவிடுவார்கள்.

வதந்திக்கு நான் விரோதி இல்லை. சலூன் வைத்திருப்பவன் வதந்தியைப் பகைத்துக்கொண்டால் கத்தரிக்கோலை விற்றுவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த மச்சத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பார்சலுக்குக் காதுக்குப் பின்னால் மச்சமே கிடையாது. அந்தக் காதை மடக்கிப் பிடித்து இத்தனை வருஷம் முடி வெட்டியவன் சொல்கிறேன். இரண்டு காதுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மச்சமே பொய் என்றால் மாடி வீடு மட்டும் எப்படி நிற்கும்? நடந்தது என்ன என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு, கார் வேண்டுமா தோட்டம் வேண்டுமா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

பார்சல் எங்கள் தெருவுக்கு வந்தபோது அவனுக்கு நடக்கத் தெரியும், பேசத் தெரியாது. கடல் தாண்டி ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து, யாரோ ஒரு பெண் ஊழியரின் தோளில் தூங்கிக்கொண்டே வந்து இறங்கினான். தத்து எடுத்தவர்கள் எங்கள் தெருத் தையல்காரரும் அவர் மனைவியும். அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியவர் என்பதால், அவர் வீட்டுக்குள் ரகசியம் பேசினால் எங்களுக்குத் தெருமுனை வரைக்கும் கேட்கும். தையல்காரரோ வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே வாழ்ந்த மனிதர். குழந்தையைக் கையில் வாங்கியதும் அவர் கொஞ்சவும் இல்லை, முத்தம் கொடுக்கவும் இல்லை. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளவு எடுத்தார். சாயங்காலத்துக்குள் சட்டை தயார்.

குழந்தையின் முகம் எங்கள் முகங்களோடு ஒட்டாத முகம். கண்ணும் மூக்கும் வேறு அச்சு. விமானத்தில் வந்தவன் என்பதால் தெருப் பிள்ளைகள் 'பார்சல்' என்று பட்டம் கட்டினோம். ஒரு நாள் அவன் அழுதுகொண்டே அப்பாவிடம் போய்ச் சொன்னான். தையல்காரர் குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களைப் பார்த்து, "பார்சல்தான்டா. வாங்கினோம், பிரிச்சோம். பிரிச்ச பார்சலைத் திருப்பி எடுக்க மாட்டாங்க. போய் விளையாடுங்க" என்றார். நாங்கள் விளையாடப் போய்விட்டோம். பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. பின்னால் அவன் மனைவியே அவனை அப்படித்தான் கூப்பிட்டாள்.

இன்னொரு கதையும் உண்டு. அதை அந்த அம்மா எந்த விசேஷத்திலும் சொல்லாமல் இருந்ததில்லை. நான் கேட்டது மட்டும் கணக்கில் அடங்காது. அவர் சொல்கிற மாதிரியே சொல்கிறேன்.

"கோர்ட்டுல ஜட்ஜ் ஐயா, இனிமே இவன் உங்க புள்ளைன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. அப்புறமும் ஒரு ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்க. போனோம். அங்க ஒருத்தன் ஒரு காகிதத்தை நீட்றான். என்னய்யா இதுன்னாரு இவரு. வெளிநாட்டுக்காரங்க குடியுரிமை கேக்குற மனுன்னான். எழுதுங்க, எந்த நாட்டு ஆளுன்னு கேட்டிருக்கு பாருங்கன்னான். நம்ம நாட்டு ஆளுன்னாரு. அப்படி எழுதக்கூடாது, வெளிநாட்டான்னு எழுதினாத்தான் செல்லும்னான். இவருக்கு வந்துச்சே கோவம்! எம் புள்ளைய வெளிநாட்டான்னு என் கையாலயே எழுதித் தரணுமா? நீ உன் புள்ளைக்கு இப்படி மனு போட்டியா? எம் புள்ளைய எனக்குக் குடுன்னு நான் ஏன்டா மனு போடணும்னு கேட்டாரு. கேட்டுட்டு, காகிதத்தை மடிச்சு, நகத்தால ஒரு கோடு போட்டு, துணி கிழிக்கிற மாதிரி நேரா கிழிச்சு, அவன் மேஜையிலயே வெச்சுட்டு வந்துட்டாரு!"

துணி கிழிக்கிற சத்தத்தை அந்த அம்மா வாயாலேயே போடுவார். நாங்கள் கைதட்டுவோம். தையல்காரர் "போதும் விடும்மா" என்பார். ஆனால் கதை முடிகிற வரைக்கும் இடத்தை விட்டு நகர மாட்டார். கோர்ட் உத்தரவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் அளவுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார். பெரிய மனிதர்கள் படத்தை மாட்டுகிற இடத்தில் அதுதான் தொங்கியது.

பார்சல் வளர்ந்தான். படிப்பு அவ்வளவாக ஏறவில்லை, அந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. லிஃப்ட் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து மெக்கானிக் ஆனான். கல்யாணம் ஆயிற்று. மனைவிக்குப் பேக்கரியில் கல்லா வேலை. ஒரு பெண் குழந்தை. தையல்காரர் காலமானார். அந்த அம்மா மகனோடு மூன்றாவது மாடிக்குக் குடிபோனார். இதற்குள் பார்சலுக்கு முன்பக்கம் முடி கொட்டி நெற்றி ஏறிவிட்டது. அதனால் இனிமேல் நானும் 'அவர்' போட்டு எழுதுகிறேன். நேரில் போட்டதில்லை.

ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டவை. எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு முனகும், எந்த மாடியில் இரண்டு விரல் கீழே நிற்கும் என்று அவருக்கு மனப்பாடம். இடுப்பில் ஒரு முக்கோணச் சாவி தொங்கும். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் வெளிக்கதவை அதைப் போட்டுத்தான் திறக்க வேண்டும். "இந்தச் சாவி இருக்கற வரைக்கும் என்னை யாரும் வெளியில நிறுத்த முடியாதுண்ணே" என்று பெருமை அடித்துக்கொள்வார்.

இன்னொரு பெருமை, ஓட்டு. அவருக்கு ஓட்டு வயது வந்தபோது, வாக்காளர் பட்டியலுக்காக வீடு வீடாகப் பெயர் எழுத வந்த ஆள் தையல்காரரிடம், "இவர் யாரு?" என்று கேட்டான். "என் மகன்." எழுதிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து ஒரு தேர்தலை விட்டவர் இல்லை. தேர்தல் அன்று என் கடை திறப்பதற்கு முன்னாலேயே வந்து ஷேவிங் செய்துகொண்டு போவார், மாப்பிள்ளை மாதிரி.

"உன் ஒரு ஓட்டுல ஆட்சி கவுந்துடப் போகுதா?" என்று கேட்பேன்.

"கவுழலைன்னா என்னண்ணே? நாளைக்கு ரோட்டுல பள்ளம் இருந்தா நான் திட்டணும்ல? ஓட்டுப் போடாம திட்டினா அது ஓசித் திட்டு."

நான் பல தேர்தலில் ஓசியாகத்தான் திட்டியிருக்கிறேன். என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை.

கம்பெனி அவரை வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்ப முடிவு செய்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அதுவரை பாஸ்போர்ட் எடுக்கும் தேவையே வந்ததில்லை. தெருவில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துவிட்டு பாஸ்போர்ட் ஆபீஸுக்குக் கிளம்பினார். கையில் என்ன கொண்டுபோனார் தெரியுமா? கோர்ட் உத்தரவு, கண்ணாடிச் சட்டத்தோடு. பிரித்தால் ராசி போய்விடும் என்று அம்மா தடுத்துவிட்டாராம். சாமி படத்தைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி பஸ்ஸில் ஏறினார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் நல்ல மாதிரிதான். சட்டத்தை வாங்கித் தூசியைத் துடைத்துப் படித்தாள்.

"இது அவங்க உங்க அப்பா அம்மாங்கறதுக்கு ஆதாரம் சார். நீங்க இந்த நாட்டு ஆளுங்கறதுக்கு ஆதாரம் எங்க?"

"நான்தான் மேடம் நிக்கிறேனே."

"குடியுரிமைச் சான்று எடுத்தாங்களா?"

"எங்க அப்பா அம்மா இந்த நாடு, நான் அவங்க புள்ள. அப்புறம் எதுக்கு மேடம் அது?"

அவள் ஏதோ தட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "ஓட்டெல்லாம் போட்டிருக்கீங்களா?"

பார்சலுக்கு உயிர் வந்தது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? "ஒரு எலெக்‌ஷன் விட்டதில்ல மேடம்! வேணும்னா பட்டியலைப் பாருங்க!"

பார்த்தார்கள். அங்கேதான் பிடித்தது. இந்த நாட்டுக் குடிமகன் இல்லாதவர், குடிமகன் என்று சொல்லி ஓட்டுப் போட்டிருக்கிறார். வழக்கு.

பாவம், அந்தப் பெண் கடைசியில் கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாளாம்.

பார்சலின் மச்சான் ஒரு வக்கீலைக் கூட்டி வந்தார். திருட்டு, அடிதடி கேஸ்களுக்குப் போகிறவர். குரல் நன்றாக இருக்கும். "ஒத்துக்கிட்டா அன்னிக்கே முடிஞ்சிரும். தெரியாம போட்டேன்னு சொல்லுங்க. சின்ன அபராதம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம்" என்றார். பார்சல் ஒத்துக்கொண்டார். வக்கீல் சொன்னது அப்படியே பலித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த மாதம் நாடு கடத்துவதற்கான நோட்டீஸும் வந்தது. கூடவே, முடிவு தெரிகிற வரைக்கும் எந்த வேலையும் செய்யக்கூடாது என்று ஓர் உத்தரவு.

வக்கீல் மறுபடி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். அந்த அம்மா அதற்குள் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். மாதம் ஒருமுறை மேலே போய் அவருக்கு முடி திருத்திவிட்டு வருவது என் வழக்கம். வக்கீல், பார்சலையும் அவர் மனைவியையும் வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்க சம்சாரத்தை விட்டு மனு போட வெச்சிருக்கலாம். அவங்க இந்த நாட்டு ஆளு, கிடைச்சிருக்கும். இப்ப நீங்க கோர்ட்டுல குத்தத்தை ஒத்துக்கிட்டீங்க. பொய்யா ஓட்டுப் போட்டவங்களுக்கு அந்த வழி கிடையாதாம். நாளைக்கு உங்க பொண்ணு பெரியவளாகி மனு போட்டாலும் இதே பதில்தான்."

"ஒத்துக்கச் சொன்னது நீங்கதானே சார்?" என்றாள் மனைவி.

வக்கீல் செருப்பைப் பார்த்தார். பிறகு, "உங்க சின்ன வயசுல அப்பா அம்மா ஏதாவது மனு போட்டாங்களா? அப்படி ஒண்ணு இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு மேல போகலாம்" என்றார்.

அந்த அம்மாவின் காதில் 'மனு' என்ற சொல் மட்டும் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து, "மனுவா? உள்ள வாங்க தம்பி, நான் சொல்றேன்!" என்று கூப்பிட்டார்.

சொன்னார். தொடக்கத்திலிருந்து சொன்னார். படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கி, மடித்து, நகத்தால் கோடு போட்டு, துணி கிழிக்கிற சத்தத்தோடு சொன்னார். நான் கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ முறை கைதட்டிய இடம். அன்றைக்கு யாரும் தட்டவில்லை.

"என்ன வக்கீல் தம்பி, சிரிக்கவே மாட்டேங்கறீங்க?"

"அந்தக் காகிதத்தை மட்டும் அன்னிக்குக் குடுத்திருந்தா..." என்று வக்கீல் ஆரம்பித்தார்.

"சார், டீ ஆறுது" என்றார் பார்சல். டீ யாரும் போட்டிருக்கவில்லை. வக்கீல் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டார். அந்த ஆள் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.

படி இறங்கும்போது பார்சல் என் தோளைப் பிடித்தார். "அண்ணே, உன் வாய் சும்மா இருக்காது. ஆனா இது ஒண்ணை மட்டும் அம்மா காதுக்குக் கொண்டு போயிராத. அப்பா கிழிச்சதாலதான்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க." நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட விஷயங்கள் மிகக் கொஞ்சம். அதில் இது ஒன்று.

விசாரணை நாள் வந்தது. குடியேற்ற ஆபீஸ் இருந்த கட்டடமும் பார்சல் லிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த கட்டடம்தான். வேலை செய்யக்கூடாது என்று வந்ததிலிருந்து கம்பெனி வேறு ஆளைப் போட்டிருந்தது. அந்த ஆள் அன்றைக்கு எங்கே போனானோ. துணைக்கு நானும் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"பார்சலு! தெய்வம் மாதிரி வந்தே. லிஃப்ட் நடுவுல நின்னு போச்சு. உள்ள ஆள் மாட்டிக்கிட்டு இருக்காரு."

"நான் வேலைக்கு வரலண்ணே. இன்னிக்கு எனக்கு விசாரணை."

"உன்னை விசாரிக்கற ஆபீசரேதான்யா உள்ள இருக்காரு!"

இதைக் கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் கண்ணால் பார்த்தேன். பார்சல் கதவுக்குப் பக்கத்தில் போய்க் குரல் கொடுத்தார்.

"சார், பயப்படாதீங்க. காத்து வரும். ஒண்ணும் ஆகாது."

"யாருய்யா அது? சீக்கிரம் திறங்க!"

"சார், நான் உங்ககிட்ட விசாரணைக்கு வந்தவன். எந்த வேலையும் செய்யக்கூடாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்ட உத்தரவு இருக்கு. தொட்டா அது இன்னொரு குத்தம் ஆயிரும். தொடட்டுமா?"

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சிரிப்பு வருகிற இடத்தில் சிரிக்க முடியாமல் நிற்பது போன்ற கஷ்டம் வேறு கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சின்னக் குரல் வந்தது. "தொடுங்க."

பார்சல் மேலே போய் மின்சாரத்தை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மாடிக்கு நேராகக் கொண்டுவந்தார். இறங்கி வந்து முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். ஆபீசர் சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தார். நடுத்தர வயது, பார்த்தால் நம்மைப் போல ஆள். பார்சலின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார். கையை உடனே விடவும் இல்லை. எனக்கு அப்போது ஒரு நப்பாசை வந்தது. கடவுளே லிஃப்டை நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். பார்சலின் முகத்திலும் அது தெரிந்தது.

அரை மணி நேரம் கழித்து விசாரணை அறையில் அதே கை, அதே ஆபீசர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடிச் சட்டத்தையும் வாங்கிப் படித்தார்.

"உங்க மேல தப்பு இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியுது" என்றார். "உங்க அப்பா மேலயும் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உங்களை இங்க வெச்சுக்கறதுக்கு சட்டத்துல எனக்கு ஒரு இடமும் இல்ல."

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, தலையை நிமிர்த்தாமல், "காலையில லிஃப்டுல நடந்ததை நான் எதுலயும் எழுதல" என்றார்.

இத்தனை வருஷத்தில் அரசாங்கம் பார்சலுக்குச் செய்த உதவி அது ஒன்றுதான்.

அதன் பிறகு வீட்டுக்கு அனுப்பவில்லை. மனைவி ஒரு பையில் துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இடுப்பிலிருந்த முக்கோணச் சாவியை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டார்கள். காவலில் இருந்த இடத்திலிருந்து போனில் பேச விட்டபோது அவள் கேட்டாள். "அத்தைகிட்ட என்னங்க சொல்றது?"

"கேஸ் ஜெயிச்சாச்சுன்னு சொல்லு. கம்பெனி ட்ரெயினிங்குக்கு உடனே கிளம்பிட்டேன்னு சொல்லு."

சொன்னாள். அந்த அம்மா படுக்கையிலிருந்தபடியே தெருவுக்கே கேட்கிற மாதிரி சந்தோஷப்பட்டார். ஆனால் பயிற்சி என்ற பொய்க்கு எத்தனை நாள் ஆயுள்? ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. "என்னடி ட்ரெயினிங் இது, லிஃப்டையே புதுசா கண்டுபிடிக்கறானா?" என்று கேட்க ஆரம்பித்தார். மனைவி வசமாக மாட்டிக்கொண்டாள். அந்த அம்மா அடிக்கடி சொல்கிற ஒரு பேச்சு அவள் ஞாபகத்துக்கு வந்தது. "இவனைப் பெத்த மகராசி எங்க இருக்காளோ, ஒரு நாள் பார்த்தா கையெடுத்துக் கும்பிடணும்." இத்தனை பெரிய மனசுக்காரி, இதைச் சொன்னால் குளிர்ந்துவிடுவார் என்று அவள் கணக்குப் போட்டாள்.

"அவரைப் பெத்தவங்க கிடைச்சுட்டாங்களாம் அத்தை. அவங்களைப் பார்க்கத்தான் அங்க இருக்காரு."

அந்த நேரத்தில் துணி கொடுக்க வந்து வாசலில் நின்றவர் இஸ்திரிக் கடைக்காரர். அவர் கேட்டது இவ்வளவுதான். உடனே துணியைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கி ஓடிவிட்டார். மச்சத்துக்கும் மாடி வீட்டுக்கும் அஸ்திவாரம் அங்கேதான் போடப்பட்டது. இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் மீதியையும் கேட்டிருப்பார்.

அந்த அம்மா மெல்லச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "ஜெயிச்ச கையோட அவளைத் தேடிப் போயிட்டானா?" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னாராம். அவர் சத்தம் இல்லாமல் பேசி மருமகள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு மகன் போன் செய்தால் வாங்க மாட்டார். "அவன் அம்மாகிட்டயே பேசச் சொல்லு" என்பார். பேத்தி போனைக் காதில் வைத்தால் தலையைத் தலையணைக்குள் புதைத்துக்கொள்வார். மாதாமாதம் நான் முடி திருத்தப் போவேன். கிழித்த கதையை ஒருநாள்கூடச் சொல்லவில்லை. வேறு எதைப் பற்றியும் பேசவும் இல்லை.

நான் பார்சலிடம் போனில் கத்தினேன். "உண்மையைச் சொல்லித் தொலையேன்டா! கிழவி மனசு வெந்து சாகுது."

"உண்மையைச் சொன்னா, ஏன் அனுப்பினாங்கன்னு கேப்பாங்க. அதைச் சொன்னா அப்பா கிழிச்சது அம்மா தலையில விழும். நாப்பது வருஷமா அவங்க சந்தோஷமா சொல்லிட்டு இருந்த ஒரே கதைண்ணே அது. பொய்யாவே இருக்கட்டும், என் தலையில விழட்டும்."

"உன் தலைல ஏற்கெனவே முடி கம்மி."

"அப்ப நல்லா விழும்" என்றார். அந்தப் பக்கம் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அங்கே, பிறந்த நாட்டில், அவர் பிழைப்பைப் பற்றி அவர் சொன்ன மட்டில் சொல்கிறேன். இங்கே எங்கள் கூட்டத்தில் ஒட்டாமல் நின்ற முகம், அங்கே எல்லோரோடும் ஒட்டிவிட்டது. அதுதான் தொல்லை. யாரைப் பார்த்தாலும் இவரை அவர்கள் ஊர் ஆள் என்று நினைத்துக் கடகடவென்று பேசுகிறார்கள். இவருக்கு ஒரு சொல் தெரியாது. விழிப்பதைப் பார்த்து, ஊமை போல என்று இரக்கப்பட்டு விலகிவிடுகிறார்கள். முதலில் கையை ஆட்டி விளக்கிப் பார்த்தார். பிறகு, ஊமையாக இருப்பதே சௌகரியம் என்று விட்டுவிட்டார். குழந்தையாக இங்கே வந்தபோதும் பேச்சு இல்லை, திரும்பிப் போனபோதும் இல்லை.

அவரைக் கொடுத்தனுப்பிய காப்பகம் இப்போது இல்லை. அந்த இடத்தில் வாகனம் நிறுத்துகிறார்கள். பெற்றவள் யார் என்று எந்த ஆபீஸிலும் ஒரு வரி கிடையாது. தெருவில் கிடந்த குழந்தை என்று மட்டும் இருக்கிறதாம். ஒரு விடுதியில் எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒரு கட்டில். ஒரு வணிக வளாகத்தில் லிஃப்ட் மாடி எண்ணை வாய்விட்டுச் சொல்கிறது என்று கண்டுபிடித்து, அதில் ஏறி ஏறி இறங்கி எண்களைக் கற்றுக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று லிஃப்டோடு சேர்ந்து முணுமுணுப்பார். மூன்றாம் நாள் காவலாளி பிடித்து வெளியே தள்ளிவிட்டான். அந்த ஊரில் ஏழு மாடி வரைக்கும்தான் அவருக்கு எண்ணத் தெரியும்.

மெக்கானிக் வேலை கேட்டால் அந்த ஊர்ச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஒரு மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். மார்க்கெட்டில் லிஃப்ட் இல்லை, படிதான்.

போன மாதம் அந்த அம்மா போய்விட்டார். கடைசி வரைக்கும் சுவர் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தார். மருமகள் அழுதுகொண்டே போனில் வீடியோவைப் போட்டு, "பார்க்கறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "அவங்க என்னைப் பார்க்க மாட்டேன்னாங்கல்ல. நான் திருட்டுத்தனமா பார்க்க வேணாம். எடுத்துரு" என்று சொல்லிவிட்டார். கோர்ட் உத்தரவைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி அம்மாவோடு வைத்து அனுப்பச் சொன்னாராம். அனுப்பினார்கள்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு முற்பகல். என் கடை நாற்காலியில் இஸ்திரிக் கடைக்காரர் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருந்தார். பெஞ்சில் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர். புது ஆள் கிடைத்தால் விடுவாரா? விமான நிலையத்தை முடித்து, போலீஸ்காரரை அழ வைத்து, தோட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார். "வளர்த்தவங்க போயிட்டாங்கன்னு சொல்லியும் வரல சார். பெத்த பாசம் அப்படி. வளர்த்த பாசமெல்லாம் அதுக்கப்புறம்தான்" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். நுரை பறந்தது.

அப்போது என் போன் அடித்தது. பார்சல். என் இரண்டு கையிலும் சோப்பு. முழங்கையால் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் இஸ்திரிக் கடைக்காரர் கண்ணாடியைப் பார்த்தபடியே கத்தினார். "யாரு, பார்சலா! எப்படிப்பா இருக்கே? ஊரு ஒத்துக்கிச்சா? அங்க அம்மா சௌக்கியமா?"

போனில் யாரோ புரியாத பாஷையில் எதையோ கூவி விற்பது மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"எந்த அம்மாண்ணே?" என்றார் பார்சல். "இங்க எனக்கு அம்மாவும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. நான் யாரையும் தேடி வரல. ரெண்டு போலீஸ்காரன் நடுவுல உக்கார வெச்சு ஏத்தி விட்டாங்க. எனக்கு இருந்தது ஒரே அம்மா. அவங்க நம்ம தெருவுல, மூணாவது மாடியில, நான் விட்டுட்டு ஓடிட்டேன்னு நினைச்சுக்கிட்டே செத்துப் போனாங்க. மூஞ்சில இருக்கற நுரையைத் தொடைச்சுட்டு, இதையும் போய் தெருவுக்குச் சொல்லுங்க."